12 அங்குல மெஷினில் 8 அடி ஸ்டிக்கர்: துண்டு போட்டு, வெட்டி, ஒட்டுவது எப்படி

கையில் இருப்பது 12 அங்குல கட்டிங் மெஷின். கடைக் கண்ணாடியில் போக வேண்டியதோ 8 அடி நீள எழுத்து. தாராளமாக முடியும். ஆனால் இந்த வேலையில் வெட்டுவது மெஷின் பாடு. எழுத்தை எங்கே துண்டு போடுவது என்பது நம் பாடு. புதிதாகச் செய்பவர்கள் சொதப்புவது பெரும்பாலும் மெஷின் ஓடும்போது இல்லை. அதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் சொதப்பியிருப்பார்கள், இல்லையென்றால் பின்னால் கண்ணாடி முன் நிற்கும்போது சொதப்புவார்கள்.

எடுத்துக்காட்டுக்கு ‘தையலகம்’ என்ற சொல்லை வைத்துக்கொள்வோம். கறுப்பு வினைல் (பின்பக்கம் பசையும் அதை மூடிய பின்தாளும் உள்ள பிளாஸ்டிக் ஷீட்), மொத்த அகலம் 240 செ.மீ., எழுத்தின் உடல் 35 செ.மீ. உயரம். த-வின் வாலையும் ம்-இன் புள்ளியையும் சேர்த்தால் உயரம் ஒன்றரை அடி. கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டி, தெருவிலிருந்து படிக்க வேண்டும்.

1. இவ்வளவு பெரிதாகத்தான் வேண்டுமா?

முதலில் இதைக் கேட்டுவிடுங்கள். எழுத்தின் உயரத்தை 28 செ.மீ.க்குள் அடக்கினால் எழுத்துகளைப் படுக்கவைத்து, ஒன்றன்பின் ஒன்றாக ரோலின் நீளத்தில் வெட்டிவிடலாம். எந்த எழுத்துக்குள்ளும் ஒட்டு (இரண்டு துண்டு சேரும் இடம்) வராது. எழுத்துகளுக்கு இடையில் உள்ள இடைவெளியில் பிரித்தால் போதும். பாதி வேலை மிச்சம்.

12 அங்குலம் என்பது 30.5 செ.மீ. அதில் ஏன் 28 என்கிறேன் என்றால், உருளை பிடிக்க ஓரத்தில் இடம் வேண்டும், துண்டுகளைச் சேர்க்கும் குறிகளுக்கும் இடம் வேண்டும். உங்களிடம் இருப்பது 8 அங்குல மெஷின் என்றால் 18 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரிகட் ஜாய் என்ற 4.5 அங்குலச் சின்ன மெஷினில் இவ்வளவு பெரிய எழுத்தைத் தொடவே வேண்டாம். ஒட்டுகள் எண்ணி மாளாது.

2. வாங்கி வைக்க வேண்டியவை

நம் ஊர்களில் இதை ‘ரேடியம் கட்டிங்’ என்பார்கள். ரேடியத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் கடையில் அப்படிக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். வினைல் பெரும்பாலும் 24 அங்குல அகல ரோலில் வரும். அதைச் சரிபாதியாகப் பிளந்தால் உங்கள் மெஷினுக்குச் சரியாக இருக்கும். பிளந்து தரச் சொல்லுங்கள். வீட்டில் கத்தியை வைத்து நாம் பிளந்தால் ஓரம் நேராக வராது, மெஷினில் கோணலாக ஏறும்.

அளவு எவ்வளவு? ‘தையலகம்’ ஆறு வடிவங்கள்: ஐகாரக் கொம்பு, த, ய, ல, க, ம. ஒவ்வொன்றும் சுமார் 37 செ.மீ. அகலம் என்பதால் இரண்டிரண்டு துண்டு, மொத்தம் 12. துண்டுக்கு 50 செ.மீ. நீளம் என்றால் 6 மீட்டர். 24 அங்குல ரோலில் அது 3 மீட்டர். நான் 4 மீட்டர் வாங்குவேன். ஒரு துண்டு கெட்டுப்போய், திரும்ப வாங்கப் போனால் அதே கறுப்பு கிடைக்காது. ஒன்றில் பளபளப்பு கூட இருக்கும், ஒன்றில் குறைவாக இருக்கும்.

உள்பக்கம் ஒட்டுவதாக இருந்தால் வாங்கும்போதே இன்னொன்று பார்க்க வேண்டும். வெளியே நிற்பவர் வினைலின் பசைப் பக்கத்தைத்தான் பார்ப்பார். ஒரு மூலையை உரித்துப் பாருங்கள். பசைப் பக்கமும் அதே நிறமாக இருந்தால் சரி. தங்க நிறம், குரோம், ஒளிரும் ஷீட் போன்றவற்றில் முன்பக்கம் ஒரு நிறம், பின்பக்கம் வேறு நிறம். அவற்றை உள்பக்கம் ஒட்டிப் பயனில்லை.

வெயில் படும் இடத்துக்கு ஓரக்கல் (Oracal) பிராண்டின் 651 போன்ற நிரந்தரப் பசை வினைல் போதும். இவை தவிர டிரான்ஸ்பர் டேப் (வெட்டிய எழுத்தைப் பின்தாளிலிருந்து தூக்கிக் கண்ணாடிக்கு மாற்றுவது), மாஸ்கிங் டேப், தேய்த்து ஒட்ட ஓரத்தில் துணி ஒட்டிய ஸ்க்வீஜி, ஊசிமுனை டுவீசர், எஃகு ஸ்கேல், ரசமட்டம், ஒயிட்போர்டு மார்க்கர். உதவிக்கு ஒரு ஆள். இந்தக் கடைசிப் பொருளைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

3. எழுத்தை வடிவமாக மாற்றுவது

மெஷினோடு வரும் மென்பொருளிலேயே தமிழில் தட்டச்சு செய்ய முயலாதீர்கள். பல மென்பொருள்களில் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், இல்லையென்றால் புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும். இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் யூனிகோடு தமிழ் ஒழுங்காக வரும். அதில் தட்டச்சு செய்து, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள். மாற்றாமல் வேறு கணினிக்குக் கொண்டுபோனால், அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்து வேறு வடிவத்தில் வரும், இல்லையென்றால் கட்டம் கட்டமாகத் தெரியும்.

அப்புறம் எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ‘யூனியன்’ கொடுங்கள். சில எழுத்துருக்களில் கொம்பும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். யூனியன் கொடுக்காவிட்டால் மெஷின் அந்த ஏறிய கோட்டையும் வெட்டிவிடும். எழுத்துக்கு நடுவில் கீறல் விழும்.

மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறி மாறி வரும் அலங்கார எழுத்துரு வேண்டாம். ஒரே தடிமனில் ஓடும் எழுத்தில்தான் ஒட்டு மறையும்.

சேமிக்கும்போது (6-ஆம் படி முடிந்த பிறகு) கவனிக்க வேண்டியது: கிரிகட் மெஷினின் மென்பொருள் எஸ்.வி.ஜி. கோப்பை எடுத்துக்கொள்ளும். சில்ஹவுட் மெஷினின் மென்பொருளான சில்ஹவுட் ஸ்டூடியோவின் இலவசப் பதிப்புக்கு டி.எக்ஸ்.எஃப். ஆகக் கொடுங்கள். உள்ளே போனதும் மொத்த அகலம் 240 செ.மீ.தானா என்று பாருங்கள். கோப்பு மாறும்போது அளவும் மாறுவது அடிக்கடி நடக்கும்.

4. கண்ணாடி பிம்பம் முதலில், துண்டு பிறகு

உள்பக்கம் ஒட்டுவதற்கு டிசைனை இடவலமாகத் திருப்ப வேண்டும். துண்டு போடுவதற்கு முன்பே மொத்தச் சொல்லையும் ஒரே வடிவமாகத் திருப்பிவிடுங்கள்.

இதை நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன். 12 துண்டுகளையும் போட்டு, எண் கொடுத்து முடித்த பிறகுதான் உள்பக்கம் என்பது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகத் திருப்பி வெட்டினேன். துண்டு எல்லாம் சரிதான். ஆனால் வரிசை எண் திரும்பவில்லை. 1 என்று போட்டது உண்மையில் 2 நிற்க வேண்டிய இடத்துக்குரியது. ஒரு துண்டு இன்னொன்றின்மேல் ஏற விட்டிருந்த ஓரமும் எதிர்ப்பக்கம் போயிருந்தது. கடையில் ஏணிமேல் நின்றுகொண்டு அதைக் கண்டுபிடிப்பது நல்ல அனுபவம் இல்லை.

கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி என்றால் உள்பக்கம் ஒட்டியது பகலில் வெளியே தெரியாது. அங்கே வெளிப்பக்கம்தான், திருப்ப வேண்டியதில்லை.

5. எங்கே துண்டு போடுவது

பெரும்பாலானவர்கள் 28 செ.மீ.க்கு ஒரு கோடு என்று கட்டம் போட்டு, அந்தக் கோடு எங்கே விழுகிறதோ அங்கே வெட்டிவிடுகிறார்கள். ஒரு ய-வைப் பார்த்தேன். கட்டத்தின் கோடு அதன் நடுச் செங்குத்துக் கோட்டின்மேல் சரியாக விழுந்து, மேலிருந்து கீழ்வரை 35 செ.மீ. நீளத்துக்கு ஒட்டு ஓடியது. அதே ய-வை இடப்பக்கமாகப் பத்து செ.மீ. நகர்த்தி, அடிக்கோட்டில் குறுக்கே வெட்டியிருந்தால் ஒட்டின் நீளம் கோட்டின் தடிமன்தான்: 5 செ.மீ. ஒட்டு நீளமாக நீளமாகப் பிசகவும் பிரியவும் வாய்ப்பு கூடும். குறுக்கே வெட்டினால் தெருவில் போகிறவர் கண்ணில் படாது.

நான் இடம் தேடும் வரிசை இது. முதலில் எழுத்துகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி. அங்கே ஒட்டே கிடையாது. அடுத்து, தானாகவே தனித்து நிற்கும் உறுப்புகள்: ஐகாரக் கொம்பு, துணைக்கால், புள்ளி. எழுத்தைத் தொடாமல் இருந்தால் அவை இலவசத் துண்டுகள். இதற்கும் மேல் பிரிக்க வேண்டியிருந்தால்தான் எழுத்துக்குள் கை வைப்பேன்.

எழுத்துக்குள் கை வைக்கும்போது, மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, அது எழுத்தை எத்தனை இடத்தில் வெட்டுகிறது என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் பிரமாதம். இரண்டு என்றால் பரவாயில்லை. மூன்று வந்தால் கோட்டை நகர்த்துங்கள். ய-விலும் ம-விலும் இடப்பக்கச் செங்குத்துக் கோட்டைத் தாண்டியதும் அடிக்கோடு மட்டும்தான் இருக்கும். அங்கே ஒன்றுதான் வரும். சுழி உள்ள எழுத்துகளில் சுழிக்கு நடுவே போகாதீர்கள். வளைவில் இரண்டு துண்டும் அரை மில்லிமீட்டர் விலகினாலும் கண் உடனே பிடித்துவிடும். நேர்க்கோட்டில் அவ்வளவு தெரியாது. மூலையிலும் வேண்டாம்; மூலை நுனிதான் முதலில் உரியும்.

பிரிக்கும் கோடு செங்குத்தாகவே போக வேண்டும் என்று சட்டம் இல்லை. படிக்கட்டு மாதிரி வளைந்து போகலாம். ஒவ்வொரு துண்டும் 28 செ.மீ. அகலத்துக்குள் இருந்தால் போதும்.

6. மேலேற விடுதலும் குறிகளும்

இரண்டு துண்டும் ஓரத்தோடு ஓரம் முட்டி நிற்கும்படி வெட்டாதீர்கள். வெயிலில் வினைல் கொஞ்சம் சுருங்கும். முட்டி நின்ற இடத்தில் சில மாதங்களில் கண்ணாடி மெல்லிய கோடாக எட்டிப்பார்க்கும். ஒன்றன்மேல் ஒன்று 2 மி.மீ. ஏறட்டும்.

இங்க்ஸ்கேப்பில் இதற்கு எளிய வழி: பிரிக்கும் இடத்தில் இரண்டு செவ்வகம் வரையுங்கள். இரண்டும் 2 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். எழுத்தை இரண்டு நகல் எடுத்து, ஒவ்வொரு நகலுக்கும் ஒரு செவ்வகத்தோடு ‘இன்டர்செக்‌ஷன்’ கொடுங்கள். இரண்டு துண்டும் தேவையான ஏற்றத்தோடு கிடைத்துவிடும்.

பனிக்கண்ணாடி போலத் தெரியும் ஃபிராஸ்டட் ஷீட்டுக்கு மட்டும் இது பொருந்தாது. ஏறிய இடம் இரட்டை அடர்த்தியாகக் கோடு போட்டுக் காட்டும். அதில் எழுத்து இடைவெளியில் மட்டும் பிரியுங்கள்.

அடுத்தது குறிகள். ஒட்டு வரும் இடத்துக்குப் பக்கத்தில், எழுத்துக்கு வெளியே, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக 8 மி.மீ. வைர வடிவம் இரண்டு வையுங்கள். இரண்டு துண்டுகளிலும் அதே இடத்தில், அதே குறிகள் இருக்க வேண்டும். ஒட்டும்போது குறிமேல் குறி உட்கார்ந்தால் எழுத்தும் சரியாக உட்கார்ந்தது என்று பொருள். ஒரே குறி வைத்தால் துண்டு அதைச் சுற்றித் திரும்பிவிடும், அதனால்தான் இரண்டு. அவை எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ அவ்வளவு துல்லியம்.

7. மெஷினை அளந்து பாருங்கள்

25 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டி, எஃகு ஸ்கேலால் இரண்டு பக்கமும் அளங்கள். பிளேடு ஓடும் திசையில் சரியாக இருக்கும். உருளை இழுக்கும் திசையில் 24.9 வரலாம். சின்ன ஸ்டிக்கரில் இது தெரியவே தெரியாது. 35 செ.மீ. எழுத்தில் 1.4 மி.மீ. ஆகிவிடும்.

இதைவிட முக்கியம், எந்தத் துண்டையும் 90 பாகை திருப்பி வெட்டாதீர்கள். ஷீட் மிச்சமாகும் என்று மென்பொருள் தானே திருப்பி அடுக்கும், அதை அணைத்துவிடுங்கள். எல்லாத் துண்டும் ஒரே திசையில் ஓடினால் எல்லாம் ஒரே அளவுக்குக் குறையும், ஒட்டில் பொருந்திவிடும். ஒன்று மட்டும் திரும்பியிருந்தால் பொருந்தவே பொருந்தாது, காரணமும் லேசில் புரியாது.

8. வெட்டுவது

6 மீட்டரையும் ஒரே ஓட்டமாக விடலாம். நான் விடுவதில்லை. 55 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றாகத்தான் வெட்டுவேன். ஷீட் 30 செ.மீ.க்கு 1 மி.மீ. கோணலாக ஏறினால் அரை மீட்டரில் 2 மி.மீ.க்குள் நிற்கும், 6 மீட்டரில் 2 செ.மீ. ஓடிவிடும், உருளையை விட்டே வெளியே போகும். கெட்டாலும் ஒரு துண்டோடு போகும்.

பின்தாள் உள்ள வினைலை சில்ஹவுட் கேமியோ போன்றவற்றில் கட்டிங் மேட் (ஷீட்டைத் தாங்கிப் பிடிக்கும் ஒட்டும் விரிப்பு) இல்லாமலே விடலாம். கிரிகட்டில் மேட் இல்லாமல் ஓட்ட அவர்களுடைய ஸ்மார்ட் வினைல் வேண்டும். மற்றவற்றுக்கு 12-க்கு 24 அங்குல மேட் போடுங்கள்.

ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு மூலையில் சின்ன முக்கோணம் வெட்டிச் சோதியுங்கள். வினைல் முழுதாக அறுந்து, பின்தாளில் லேசான கீறல் மட்டும் தெரிய வேண்டும். பின்தாளும் அறுந்தால் பிளேடு ஆழம் அதிகம். அப்படியே தொடர்ந்தால் உரிக்கும்போது தாளும் கூடவே கிழிந்து வரும்.

வெட்டி எடுத்தவுடன் பின்தாளின் பின்புறம் பென்சிலால் எண்ணும், மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும் போடுங்கள். ஐகாரக் கொம்பின் பாதி எந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்கும் என்பது உரித்த பிறகு தெரியவே தெரியாது.

9. வேண்டாததை உரிப்பது

அன்றே உரித்துவிடுங்கள். ஓரிரவு விட்டால் வெட்டிய கோட்டின் இரு பக்கப் பசையும் மறுபடி சேர்ந்துகொள்ளும், நம் ஊர் வெக்கையில் இன்னும் சீக்கிரம்.

உரிக்கும் பகுதியைத் தூக்கி இழுக்காமல், பின்னால் மடக்கித் தாளோடு ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். பெரிய துண்டில் உரித்த பகுதி துவண்டு எழுத்தின்மேல் விழுந்து ஒட்டிக்கொள்வதுதான் ஆபத்து. டிசைனிலேயே எழுத்துக்கு வெளியே இரண்டு மூன்று குறுக்குக் கோடுகள் போட்டு வைத்தால் சின்னச் சின்னப் பட்டையாகக் கழற்றலாம்.

சுழிக்குள் இருக்கும் வட்டத்தை எடுக்க மறக்காதீர்கள். எடுக்கக் கூடாதது புள்ளி; கழிவோடு சுருட்டி எறிந்துவிட்டுத் தேடியவர்கள் உண்டு. நான் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புள்ளிக்கு இரண்டு புள்ளி வெட்டி வைப்பேன். வைரக் குறிகளும் தாளிலேயே இருக்க வேண்டும்.

10. டிரான்ஸ்பர் டேப்

துண்டைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. கூடுதலாக எடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து ஒட்டுங்கள். ஒட்டு வரும் துண்டுகளுக்குத் தெளிவான டேப் நல்லது. குறி கண்ணுக்குத் தெரியும். காகித டேப் போட்டால் குறி இருக்கும் இடத்தில் சின்ன ஜன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். டேப் ஒட்டியதும் பின்பக்கத்தையும் ஒருமுறை தேய்த்தால் உரிக்கும்போது வினைல் தாளோடு தங்காமல் டேப்போடு வரும்.

11. கண்ணாடியில் அளவு

கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, உலர்ந்த பின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பிறகு வெளிப்பக்கம் நின்று ஒயிட்போர்டு மார்க்கரால் அடிக்கோட்டையும் ஒவ்வொரு எழுத்தின் இரு ஓரங்களையும் குறியுங்கள். ஒட்டுவது உள்ளே என்பதால் கோடு வெளியே இருந்தால் கை பட்டு அழியாது, பசைக்கு அடியிலும் மாட்டாது.

ரசமட்டம் சொல்வதை மட்டும் நம்பிவிடாதீர்கள். கடைச் சட்டமே சாய்ந்திருந்தால், மட்டம் பார்த்து ஒட்டிய எழுத்துதான் கோணலாகத் தெரியும். சாய்வு கொஞ்சம்தான் என்றால் நான் சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து அளந்து விடுவேன். பார்ப்பவர் கண் சட்டத்தோடுதான் ஒப்பிடுகிறது.

12. ஒட்டுவது

நடுவில் தொடங்குங்கள். நமக்கு நடு என்பது ய-வுக்கும் ல-வுக்கும் இடையில். உள்ளே நின்று பார்க்கும்போது சொல் வலமிருந்து இடமாக ஓடும். தை உங்கள் வலக்கைப் பக்கம் வரும். ஓர் ஓரத்தில் தொடங்கிப் போனால் சேரும் பிசகு எல்லாம் கடைசி எழுத்தில் போய் நிற்கும். நடுவில் தொடங்கினால் பிசகு இரு பக்கமும் பாதிப்பாதியாகப் பிரியும்.

எழுத்தின் முதல் துண்டைக் குறியில் வைத்து, மேல் ஓரத்தில் மாஸ்கிங் டேப்பைக் கீல் மாதிரி ஒட்டுங்கள். துண்டைத் தூக்கி, பின்தாளை உரித்து, மேலிருந்து கீழே தேய்த்து இறக்குங்கள். டிரான்ஸ்பர் டேப்பை உங்கள் பக்கம் இழுக்காமல், பின்னுக்கு மடக்கி மெதுவாக எடுங்கள். வினைல் டேப்போடு எழுந்தால் அந்த இடத்தைத் திரும்பத் தேய்த்துவிட்டுத் தொடருங்கள். அவசரப்பட்டு இழுத்தால் போச்சு.

இரண்டாம் துண்டில் முறை வேறு. ஒட்டு வரும் பக்கம் மட்டும் பின்தாளை 4 செ.மீ. மடக்கி வெட்டி எடுங்கள். உதவியாள் மறு ஓரத்தைக் கண்ணாடியில் படாமல் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் இரண்டு வைரக் குறிகளையும் பொருத்தி, அந்த 4 செ.மீ.யை மட்டும் அழுத்துங்கள். சரியாக உட்கார்ந்ததா என்று வெளியே போய்ப் பாருங்கள். பார்த்த பிறகுதான் மிச்சப் பின்தாளை உள்ளிருந்து உருவிக்கொண்டே தேய்க்க வேண்டும். முழுத் தாளையும் முதலிலேயே உரித்தால் பெரிய துண்டு காற்றில் சுருண்டு தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரிக்க முடியாது.

சின்ன வேலைகளில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டலாம். நகர்த்திக்கொள்ள வசதி. ஆனால் ஒட்டு உள்ள எழுத்துக்கு நான் தண்ணீர் போடுவதில்லை, 2 மி.மீ. ஏறிய இடத்துக்குள் ஈரம் தங்கி, ஓரம் பிடிக்காமல் நிற்கும்.

வெளிப்பக்கம் ஒட்டும்போது கிடைமட்ட ஒட்டு இருந்தால், கீழ்த் துண்டு முதலில், மேல் துண்டு அதன்மேல். ஓடு வேய்வது போலத்தான்; மழைத்தண்ணீர் உள்ளே புகாது. வண்டியில் ஒட்டினால் முன்பக்கத் துண்டு பின்பக்கத் துண்டின்மேல் ஏற வேண்டும். மாற்றிப் போட்டால் எதிர்க்காற்று ஓரத்தைக் கிளப்பிவிடும்.

ஆறு வடிவமும் முடிந்த பிறகு வைரக் குறிகளை டுவீசர் முனையால் எடுங்கள். குமிழி இருந்தால் ஊசியால் அதன் ஓரத்தில் குத்தி, துளையை நோக்கித் தேயுங்கள். கடைசியாகப் புள்ளி. ஏணியில் நின்று கண் மதிப்பில் வைக்காதீர்கள். உதவியாளைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கச் சொல்லி, அவர் கை காட்டும் இடத்தில் ஒட்டுங்கள். ஏணியிலிருந்து பார்த்தால் புள்ளி ம-வின் நடுவில் இருப்பது போலவே எப்போதும் தோன்றும்.

13. கண்ணாடிக்குப் பதில் சுவர் என்றால்

வெட்டும் வேலையில் ஒன்றும் மாறாது, ஒட்டும் இடம்தான் மாறும். வீட்டுச் சுவருக்கு ஓரக்கல் 631 போல எளிதில் உரியும் வினைல் எடுங்கள். 651 உரியும்போது பெயின்டையும் சேர்த்துக் கொண்டுவரும். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் ஒரு மாதமாவது பொறுத்து ஒட்டுங்கள். சுண்ணாம்பு, மலிவான டிஸ்டெம்பர் அடித்த சுவரில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி இழுத்துப் பாருங்கள். டேப்பில் மாவு மாதிரி ஒட்டி வந்தால் வினைலும் நிற்காது. அந்தச் சுவருக்கு முதலில் பெயின்டர், பிறகுதான் ஸ்டிக்கர்.